புரொபேன் மலை ஏறட்டும். சட்டம் முன்னே செல்லட்டும்

2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இலங்கையின் வீடுகளில் எரிவாயு அடுப்புகள் அடுத்தடுத்து வெடித்தன. உயிர்களும் போயின. காரணத்தைத் தேட ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டருக்குள் இருந்த கலவை மாறியதைச் சுட்டிக்காட்டியது. பியூட்டேன் குறைந்து, புரொபேன் கூடியிருந்தது. அன்று முதல் புரொபேன் என்றாலே மக்களுக்கு நடுக்கம். மலையகத்துக்குப் பொருந்தக்கூடிய ஓர் எரிபொருளைப் பற்றி வாய் திறக்கவும் அந்த நடுக்கம் விடுவதில்லை. ஹற்றன், நுவரெலியா பகுதிகளின் முச்சக்கர வண்டிகளுக்குப் புரொபேன் மிகுந்த எரிவாயுவை வழங்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. ஆனால் கலவையைக் கட்டுப்படுத்தும் சட்டம் அதற்கு முன்பே வந்தாக வேண்டும்.

புரொபேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே வாயுவாகிவிடும். பியூட்டேனோ பூச்சியத்தை நெருங்கும்போதே திரவமாக அடங்கிவிடும். 30 பாகை வெப்பத்தில் புரொபேனின் அழுத்தம் பியூட்டேனைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. பியூட்டேன் மிகுந்த கலவைக்குப் பழகிய ரெகுலேட்டரும் குழாயும் உள்ள வீட்டில், சொல்லாமல் கொள்ளாமல் கலவையை மாற்றினால் என்னவாகும் என்பதைத்தான் 2021இல் கண்டோம். குற்றம் வாயுவுடையது அல்ல, அதை ஒளித்து விற்ற முறையுடையது.

இதே கணக்கை 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் போட்டுப் பார்த்தால் விடை வேறு. தை, மாசி விடியலில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும் ஊர் அது. அந்தக் குளிரில் பியூட்டேனின் அழுத்தம் மிகக் குறைவாகவே இருக்கும். அடுப்பு சோம்பி எரிவதும், சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பதும் அங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. குளிர் நாடுகள் இதை எப்போதோ கணக்கில் எடுத்துவிட்டன. ஐரோப்பாவில் குளிர்காலத்துக்கென வாகன எரிவாயுவில் புரொபேனைக் கூட்டுகிறார்கள். அமெரிக்காவில் வாகனத்துக்கு விற்கும் தரத்தில் குறைந்தது 90 சதவீதம் புரொபேன் இருக்க வேண்டும்.

முச்சக்கர வண்டிக்கு ஏன் இது தேவை? தோட்டத்தில் ஆட்டோதான் அம்பியூலன்ஸ். பிரசவ வலி கண்டவரை லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதுதான், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அதுதான். 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது ஒரு முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல் என்று வரையறுத்தார்கள். மேடும் வளைவுமான தோட்டப் பாதையில் அது எத்தனை நாளைக்குக் காணும்? பெற்றோல் தாங்கியும் இருந்து, கூடவே எரிவாயுத் தாங்கியும் இருந்தால், ஒன்றுக்குத் தட்டுப்பாடு வரும் காலத்தில் மற்றது கைகொடுக்கும்.

இதில் மிகைப்படுத்தல் வேண்டாம். எரிவாயுவும் கப்பலில்தான் வருகிறது, டொலரில்தான் வாங்குகிறோம். 2022 ஏப்ரலில் லிட்ரோ எரிவாயு நிறுவனத்தின் 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்குத் தாவியது. பணம் கட்ட வழியின்றிக் கப்பல்கள் கடலில் காத்துக் கிடந்தன. ஆகவே சுயசார்பு என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. கிடைப்பது இரண்டாவது வழி ஒன்று, அவ்வளவே.

விலையும் சரியாக அமைய வேண்டும். ஒரு லீற்றர் புரொபேனில் இருக்கும் சக்தி, பெற்றோலில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். விலை அதைவிடக் குறைவாக இல்லாவிட்டால் எந்தச் சாரதியும் திரும்பிப் பார்க்கமாட்டார். லாஃப்ஸ் நிறுவனம் 1995இல் தொடங்கியதே வாகனங்களை எரிவாயுவுக்கு மாற்றும் தொழிலோடுதான். அந்த முயற்சி இந்நாட்டில் நிலைக்கவில்லை. துருக்கியிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கார்கள் எரிவாயுவில் ஓடுகின்றன. அங்கே வரியைக் குறைவாக வைத்து, விலை இடைவெளியை நீண்ட காலம் காப்பாற்றினார்கள்.

தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. காரில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் சூட்டைக் கொண்டே திரவத்தை வாயுவாக்குகிறார்கள். காற்றால் குளிரும் ஆட்டோ இயந்திரத்தில் அந்த வசதி இல்லை. குளிரில் அங்கே கலவையின் தரம் இன்னும் முக்கியமாகிறது. உயரம் கூடக்கூட இயந்திரத்தின் வலுவும் குறையும். வாயுவில் ஓட்டினால் இன்னும் சிறிது குறையும். ஆகவே கொழும்பின் சமதரையில் ஓட்டிப் பார்த்து அனுமதி கொடுப்பது போதாது. ஆள் ஏற்றி, கினிகத்தேனையிலிருந்து ஹற்றனுக்கு ஏறவிட்டுச் சோதிக்க வேண்டும்.

எமக்குப் பெரிய அச்சம், சமையல் சிலிண்டரை ஆசனத்துக்கு அடியில் கட்டிக்கொண்டு ஓடும் குறுக்கு வழி. புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படியும். ஆட்டோவை லயத்துச் சுவரோரம் நிறுத்துகிறார்கள். வாசற்படி தாழ்வு, உள்ளே விறகடுப்பு எரிகிறது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வாகனத்துக்கென்றே செய்த தாங்கியை 30 பார் அழுத்தத்தில் சோதிக்கிறார்கள், 80 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. வண்டியோடு பொருத்திய தாங்கி என்பதால், மலைக்கென்று கலந்த வாயு கொழும்பு வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேரவும் வழியில்லை.

எல்லாவற்றையும் எரிவாயுவுக்கு மாற்றிவிடலாம் என்ற ஆசையும் வேண்டாம். கொழுந்து லொறியின் டீசல் இயந்திரத்தில் தீப்பொறிச் செருகி கிடையாது. அதை மாற்றுவது பெருஞ்செலவு. கவ்வாத்து இயந்திரத்துக்காகத் தொழிலாளியின் உடம்பில் அழுத்தத் தாங்கியைக் கட்டுவதைவிட மின்கலம் மேல். தொழிற்சாலையில் ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்தை வாட்டி உலர்த்துகிறார்கள். அந்தச் சூட்டுக்கு அசாமில் பல தோட்டங்கள் இயற்கை எரிவாயுவைப் பயன்படுத்துகின்றன. அது அவர்களுடைய மண்ணிலேயே கிடைக்கிறது. நமக்கோ மலையிலேயே வளரும் யூக்கலிப்டஸ் விறகு இருக்கிறது. அதை விட்டு இறக்குமதி வாயுவை எரிப்பது கையிலுள்ளதைக் கொடுத்துக் கடன் வாங்கும் வேலை.

அரசாங்கம் செய்ய வேண்டியவை நான்கு. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் வாகன எரிவாயுவுக்குத் தனித் தரம் வகுத்து, குளிர்ப் பிரதேசத்துக்கான குறைந்தபட்சப் புரொபேன் அளவைக் குறிக்க வேண்டும். அந்த அளவைப் பம்பிலும் பற்றுச்சீட்டிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் அச்சிட வேண்டும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் அங்கீகரித்த உபகரணத்தை, பயிற்சி பெற்ற வேலைத்தலம் மட்டுமே பொருத்த வேண்டும். மாற்றும் செலவுக்குக் குறைந்த வட்டிக் கடனும், பெற்றோலோடு ஒப்பிட்ட விலைச் சூத்திரமும் வேண்டும்.

இவை நான்கும் நிறைவேறும் வரை ஒரு வண்டியைக்கூட மாற்ற அனுமதிக்கக் கூடாது. நிறைவேறிய பிறகு 2021ஐக் காட்டித் தடை போடவும் கூடாது. அந்த ஆண்டின் விபத்துகளுக்குப் பயந்து மலையகத்துக்கு ஓர் எரிபொருளை மறுப்பது சுலபம். விபத்துக்கு வழிவிட்ட நிர்வாகத்தைத் திருத்துவதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையை அரசாங்கம் முதலில் செய்யட்டும்.