மாண்டோர்க்கு எடுத்த காசு

கல்லில் பொறித்தது நின்ற இடத்தில் நிற்கும். காசில் பொறித்ததோ கைக்குக் கை நடக்கும். இவ்வுண்மையை உரோமப் பேரரசர் நன்கு உணர்ந்திருந்தனர். ஆதலின், தம் குடும்பத்தில் மாண்டோரின் உருவையும் பெயரையும் காசில் பொறித்து நாடெங்கும் உலவவிட்டனர். கி.பி. 14இல் அகஸ்டஸ் மறைந்தபின், அவரைத் தெய்வமெனக் குறிக்கும் காசுகளைத் திபேரியஸ் வெளியிட்டார். பின்வந்தோர் பலரும் அவ்வழியே சென்றனர். இக்காசுகளை அன்பின் சின்னங்கள் என்று மட்டும் கொள்ளுதல் தகுமா என்பதே நம் வினா.

அக்ரிப்பினாவின் காசை ஈண்டு நோக்குவோம். இவ்வம்மையார் அகஸ்டசின் மகள்வழிப் பெயர்த்தி. திபேரியசால் பண்டத்தேரியா தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, கி.பி. 33இல் உணவின்றி மாண்டார். அவரைக் கழுத்து நெரித்துக் கொல்லாது விட்டமைக்காக, உரோம ஆட்சிமன்றம் திபேரியசுக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது என்கிறார் வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். கி.பி. 37இல் அம்மையாரின் மகன் கலிகுலா அரியணை ஏறினார். தாயின் சாம்பலைத் தாமே சென்று கொணர்ந்து அகஸ்டசின் கல்லறையில் சேர்த்தார். நினைவுக் காசும் வெளியிட்டார். அதன் ஒருபுறம் அன்னையின் முகம். மறுபுறம் இரு கோவேறு கழுதைகள் இழுக்கும் மூடுவண்டி. அப்புறத்தே, 'ஆட்சிமன்றமும் உரோம மக்களும்' எனப் பொருள்படும் நான்கு எழுத்துகளும் உள்ளன. நான்கே ஆண்டுகளுக்கு முன் கொடுமைக்கு நன்றி கூறிய அதே மன்றத்தின் பெயர் அது! மகனின் அன்பு மெய்யாகலாம். மன்றத்தின் துயரம் மெய்யென நம்மால் கொள்ள இயலவில்லை.

இனி, பௌஸ்தினா பேரரசியின் காசுகளைக் காண்போம். கி.பி. 140ஐ ஒட்டி அவர் மறைந்தார். கணவர் அன்டோனைனஸ் பயஸ், தம் ஆட்சி முடிந்த கி.பி. 161 வரை, மனைவியின் பெயரால் பொன், வெள்ளி, செம்பு, பித்தளைக் காசுகளை மிகுதியாக வெளியிட்டார். அவற்றுள் ஒருவகை நம் நெஞ்சைத் தொடுவது. 'பௌஸ்தினாவின் சிறுமியர்' என்பது அதன் வாசகம். பேரரசியின் நினைவாக, வறிய சிறுமியரைப் பேண அரசர் நிறுவிய அறநிலையையே அக்காசு சுட்டுகிறது.

இரண்டும் நினைவுக் காசுகளே. எனினும், ஒன்று உயிரோடிருந்தபோது கைவிடப்பட்டவருக்குப் பின்னர்ச் சூட்டிய மாலை. மற்றொன்று மாண்டவர் பெயரால் வாழ்வோர்க்கு ஊட்டிய சோறு. மறைந்தோர்க்கு விழா எடுப்போரும் மலர் வெளியிடுவோரும், நாம் உட்பட, எவ்வழியில் நிற்கிறோம் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெயரைப் பொறித்தல் எளிது. அப்பெயரால் ஒரு பிள்ளையேனும் பசியாறுமாறு செய்தலே நினைவாகும் என்பது நம் துணிபு.