முன்பதிவும் திருகாணியும்



சென்ற பள்ளி விடுமுறையில் அக்காள் மகன் வீட்டிற்கு வந்திருந்தான். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கையடக்க விளையாட்டுக் கணினி ஒன்றின் படத்தைத் தன் திறன்பேசியில் காட்டினான். இன்னும் சந்தைக்கு வராத கருவி அது. "மாமா, இப்பவே முன்பதிவு செஞ்சா அறுநூறு வெள்ளி குறையுது. சின்ன நிறுவனம் மாமா, நாமதான் கைகொடுக்கணும்" என்றான்.

அறுநூறு வெள்ளியை நான் பொருட்படுத்தவில்லை. 'நாமதான் கைகொடுக்கணும்' என்றானே, அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. அதே சொல்லை நானே ஒருமுறை நாற்பத்து மூன்று பெற்றோர்முன் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு விளையாட்டுக் கருவியில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஆசிரியர் அறையிலும் கேட்டார்கள். இவ்வகைக் கருவிகள் பெயரளவில்தான் விளையாட்டுக் கருவிகள். உள்ளே இருப்பது முழுமையான கணினி. அதைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் நம்மிடம் படித்துப் போன பிள்ளைகள். வாங்கிக் கொடுப்பவர்கள் இதைப் படிக்கும் பெற்றோர். ஆகவே, இது நம் வேலைதான்.

'பண்டோரா' என்றொரு கையடக்கக் கணினி இருந்தது. கொரியாவிலிருந்து வந்த ஜிபி32, ஜிபி2எக்ஸ் ஆகிய கருவிகளின் ஆர்வலர்களும் அவற்றை ஐரோப்பாவில் விற்றவர்களும் சேர்ந்து, "நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம்" என்று தொடங்கிய முயற்சி அது. மடித்து மூடலாம். திறந்தால் 4.3 அங்குலத் தொடுதிரை, முழு விசைப்பலகை, விரலால் அசைக்கும் இரண்டு குமிழ்கள், இரண்டு நினைவட்டைத் துளைகள். இயங்குவது லினக்ஸில். பெருநிறுவனம் எதுவும் அந்நாளில் இப்படியொன்றைச் செய்ய முன்வரவில்லை. எண்ணம் உயர்ந்தது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

2008 செப்டம்பர் 30-ஆம் நாள் முன்பதிவு தொடங்கியது. விலை 330 அமெரிக்க டாலர். முதல் தொகுதி 4,000 கருவிகள். சில மாதங்களில் கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பணம் கட்டினார்கள். முதல் கருவிகள் அனுப்பப்பட்டதோ 2010 மே மாதத்தில்! ஏறத்தாழ இருபது மாதங்கள். அதுவும் முதல் சிலருக்கு மட்டுமே. வரிசையின் பின்னால் நின்ற பலருக்கு 2011-உம் வந்து போனது. அதற்கடுத்துப் பணம் கட்டியவர்களின் காத்திருப்பு இன்னும் நீண்டது. கூட்டின் அச்சில் சிக்கல், குமிழ்களில் சிக்கல், பலகைகளில் சிக்கல் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வந்தது. காரணங்கள் பொய்யல்ல. அவை யாவும் உண்மையான பொறியியல் சிக்கல்களே.

இதற்கிடையில் உலகம் நின்று காத்திருக்கவில்லை. பண்டோராவின் செயலி 600 மெகாஹெர்ட்சில் ஓடுவது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, அதே வேகச் செயலியோடு நோக்கியா என்900 கைப்பேசி 2009 நவம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. 2008-இல் நாளைய கருவிக்குப் பணம் கட்டியவன், 2010-இல் நேற்றைய கருவியைப் பெற்றான். விலையில் மட்டும் மாற்றமில்லை.

இங்கேதான் நம்மவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். "அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லரே, பாடுபட்டார்களே!" என்பார்கள். ஆம், அல்லர். என் வாதமே அதுதான். ஏமாற்றுக்காரன் என்றால் காவல் நிலையத்திற்குப் போகலாம். நல்லவனை என்ன செய்வது? அவன் இரவு பகலாக உழைக்கிறான், ஒளிவுமறைவின்றி நிலைமையை எழுதுகிறான், வருந்துகிறான். அவனிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்பவன் கல்நெஞ்சன் ஆகிவிடுகிறான். 'பொறுமையில்லாதவன்', 'இலட்சியம் புரியாதவன்' என்ற பட்டங்கள் வேறு. பணத்தைக் கொடுத்தவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் விந்தை, நல்ல நோக்கத்தின் பெயரால் நடக்கும் வணிகத்தில் மட்டுமே காணக்கூடியது.

பிரிட்டனில் இருந்த நிறுவனம் தளர்ந்த பிறகு, செருமனியில் இருந்த மைக்கேல் மிரோசெக் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டார். உற்பத்தியும் செருமனிக்கு மாறியது. நினைவகம் இரட்டிப்பான பதிப்பு வந்தது. 2012-இல் ஒரு கிகாஹெர்ட்ஸ் பதிப்பும் வந்தது. ஆனால், பழைய வரிசையில் நின்றவர்களுக்குக் கருவி செய்யும் பணம் எங்கிருந்து வரும்? புதிதாக உடனே வாங்குவோர் கூடுதல் விலை கொடுத்தால், அதில் மிஞ்சுவதைக் கொண்டு பழையவர்களுக்குச் செய்து அனுப்பலாம் என்ற ஏற்பாடு வந்தது. அவர் இதை மறைக்கவில்லை. வெளிப்படையாகவே சொன்னார். தம் கடமை அல்லாததையும் சுமந்தார் என்றே நான் மதிக்கிறேன். ஆயினும், பின்னால் வருபவன் பணத்தில் முன்னால் நின்றவனுக்குக் கொடுப்பது என்ற நிலைக்கு ஒரு நேர்மையான முயற்சி வந்து சேர்ந்தது எப்படி? முன்பணம் முன்கூட்டியே செலவாகிப் போனதால்தான்.

நம் நாட்டவருக்கு இது புதிதன்று. கூட்டு கட்டிய பாட்டிமார் இல்லாத தோட்டம் ஏது? அதை வணிகமாக நடத்தக்கூடாது என்று 1971-இல் சட்டமே இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் பெயரில் நம் 'கூட்டு' அப்படியே ஆங்கில எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. தமிழ் எங்கெங்கெல்லாம் வாழ்கிறது பாருங்கள்! பண்டோராக்காரர்கள் கூட்டு நடத்தினார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. மாதம் தவறாமல் கூட்டு கட்டிய பாட்டி, தனக்கு எந்த மாதம் முறை வரும் என்று அறிந்திருந்தார். முன்பதிவு செய்தவருக்கு அதுகூடத் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

"முன்பணம் வாங்காவிட்டால் சிறியவர்கள் எப்படிப் பொருள் செய்வார்கள்? நெகிழிக் கூட்டுக்கு அச்சு வார்க்கவே பெருந்தொகை வேண்டும். முன்பதிவு இல்லையேல் பண்டோரா பிறந்தே இருக்காது" என்பது வலுவான மறுப்பு. நான் ஒப்புக்கொள்கிறேன், பிறந்திருக்காது. அப்படியானால் அதற்கு உரிய பெயரை வையுங்கள். அது விற்பனையன்று, நன்கொடை அல்லது முதலீடு. நன்கொடை என்று சொல்லிக் கேட்டால், கொடுப்பவன் இழக்கக்கூடிய தொகையை மட்டும் கொடுப்பான். விற்பனை என்று சொல்லிக் கேட்டால், பிள்ளையின் பிறந்தநாளுக்காகச் சேர்த்து வைத்ததையும் எடுத்துக் கொடுத்துவிடுவான். வேறுபாடு சொல்லில்தான். ஆனால், அந்தச் சொல்லுக்காக ஒரு குடும்பம் ஈராண்டு காத்திருக்கிறது. நம் திருமண வீட்டில் வைக்கும் மொய்ப்பணத்துக்கே ஒருவர் ஏடு விரித்து உட்கார்ந்து பெயரும் தொகையும் எழுதுகிறார். அன்பளிப்புக்கே கணக்கு வைத்த இனம், வணிகத்தில் கணக்குக் கேட்பதை ஏன் அன்பின்மை என்று எண்ண வேண்டும்?

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2014-ஆம் ஆண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு விற்பனையாளர் ஒருவர் வந்தார். தமிழ்ப் பாடங்கள் பதிந்த கைக்கணினி. இருநூற்று ஐம்பது வெள்ளி, முன்பணமாக முழுத்தொகை. அழகாகத் தமிழ் பேசினார். பெற்றோர் தயங்கியபோது எழுந்தவன் நான். "தமிழுக்காகச் செய்கிறார். நாம்தான் கைகொடுக்க வேண்டும்" என்றேன். நாற்பத்து மூன்று பேர் கட்டினார்கள். பதினான்கு மாதங்கள் கழித்துப் பத்தொன்பது கருவிகள் வந்தன. மற்றவை வரவில்லை. விற்பனையாளர் ஓடிவிடவில்லை. அழைத்தால் எடுத்தார், வருந்தினார், அச்சிட்ட பெட்டிகளின் படத்தை அனுப்பினார். சில மாதங்களில் அழைப்பதை நாங்களே நிறுத்திவிட்டோம்.

கட்டியவர்களில் ஒருவர் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் தாய். என்னைக் காணும்போதெல்லாம் வணக்கம் சொல்வார். ஒருமுறைகூடக் கருவியைப் பற்றிக் கேட்டதில்லை. மகன் ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் நாளில்தான், "அது வராது போலங்களே ஐயா" என்று சிரித்தார். என் சட்டைப்பையில் அன்று இருநூற்று ஐம்பது வெள்ளி இருந்தது. எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பற்றுச்சீட்டுகளைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். வழங்கும் நாள் இல்லை. வழங்காவிட்டால் என்ன என்ற வரி இல்லை. பணம் எந்தக் கணக்கில் இருக்கும் என்ற குறிப்பும் இல்லை. இவற்றைக் கூட்டத்தில் கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்பதற்கு மாறாக, பரிந்துரை செய்தேன்.

பண்டோராவின் வழித்தோன்றலாக 'பைரா' வந்தது. 2016 மே மாதம் முன்பதிவு. முதல் கருவிகள் வெளியேறியது 2020-இன் இறுதியில். அதன் செயலிக் குடும்பம் 2011-இலேயே அறிவிக்கப்பட்டது. நெருப்பில் கைவைத்துப் பார்த்தவர்களே மீண்டும் வரிசையில் நின்றார்கள் என்பதுதான் வியப்பு. வால்வ் நிறுவனம் 2021 சூலையில் ஸ்டீம் டெக்கிற்கு வரிசை திறந்தபோது 5 டாலர் மட்டுமே வாங்கியது. மீதியை அவரவர் முறை வந்தபோதுதான் கேட்டது. திசம்பரில் வரவேண்டிய கருவி 2022 பிப்ரவரி இறுதிக்குத் தள்ளிப்போனது. காத்திருந்தவன் இழந்தது 5 டாலருக்கான வட்டி! பணக்கார நிறுவனத்தால் அது இயலும், சிறியவரால் இயலாது என்பது உண்மை. ஆனால், இயலாமையின் விலையை வாங்குபவன் தலையில் கட்டும்போது, அதை அவனிடம் சொல்லிவிட்டுக் கட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இவ்வளவு சொல்லியும், பண்டோராவை நான் வெறுக்கவில்லை. 2013-இல் நண்பர் ஒருவரிடமிருந்து பழையது ஒன்றை, கையில் வாங்கிப் பார்த்து, இயக்கிப் பார்த்து வாங்கினேன். இன்றும் இருக்கிறது. காரணம், திறக்க முடிவதுதான். மின்கலம் சோர்ந்தால் மூடியைக் கழற்றி வேறொன்று போடலாம். இன்றைய திறன்பேசிகளில் பெரும்பாலானவற்றைப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்களே, அவற்றை எண்ணிப் பாருங்கள். ஆனால் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. பண்டோராவின் நினைவகம் செயலியின் முதுகிலேயே அமர்த்திப் பற்றவைக்கப்பட்டது. அதைக் கூட்ட வேண்டுமானால் பலகையையே மாற்ற வேண்டும். பைராவில் அந்தக் குறையை உணர்ந்து, செயலிப் பலகையைத் தனியே கழற்றும்படி அமைத்தார்கள். நல்ல சிந்தனை. ஆயினும், மாற்றத்தக்க பலகை உள்ளே இருப்பதும் மாற்றுப் பலகை கடையில் இருப்பதும் ஒன்றல்ல. எதிர்கால மேம்பாடும் ஒருவகை முன்பதிவுதான்.

அக்காள் மகனுடைய ஸ்டீம் டெக்கில் சேமிப்பகத்தை மாற்றியபோது நான் ஒரு பாடம் கற்றேன். பின்புறம் எட்டுத் திருகாணிகள்; நான்கு நீளம், நான்கு குட்டை. பிரித்ததும் வரிசையாகத் தாளில் குத்தி வைத்தேன். எல்லாம் முறையாகச் செய்தும், நினைவட்டையை முதலில் வெளியே எடுக்க மறந்தேன். மூடியைத் தூக்கியதும் அட்டை இரண்டாக முறிந்தது. பிழை என்னுடையதே. முதற்பதிப்பில் அத்திருகாணிகள் நேரே நெகிழியில் இறங்குபவை. பலமுறை கழற்றினால் புரி தேய்ந்துவிடும். 2023 நவம்பரில் வந்த பதிப்பில் திருகாணி இறங்கும் இடத்தில் உலோகப் புரி வைத்தார்கள். விளம்பரப் படத்தில் இதெல்லாம் பளிச்சென்று தெரியாது. கைகொடுக்க வேண்டும் என்று துடிப்பவர்கள் இதற்குக் கைகொடுக்கட்டும்: உதிரிப் பொருளைத் தனியே விற்பவனுக்கு, பிரிக்கும் முறையை வெளியிடுபவனுக்கு, உலோகப் புரி வைத்தவனுக்கு. அவன் கேட்கும் கூடுதல் விலையை முகம் சுளிக்காமல் கொடுங்கள். கொடுத்த அன்றே பொருள் கையில் இருக்கும்.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில், பழுதடைந்த பழைய விசைப்பலகைகளை மாணவர்களிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்கிறேன். முதல் முறை எல்லாத் திருகாணியையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டுத் திருதிருவென விழிப்பார்கள். இரண்டாம் முறை, தாளில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டி வைக்கிறார்கள். யாரும் சொல்லித்தரவில்லை.

அக்காள் மகனிடம் இவை அனைத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "சரிங்க மாமா" என்றான். மறுவாரம் அக்காள் தொலைபேசியில் பேசும்போது, அவன் பணம் கட்டிவிட்டதாகச் சொன்னார். பற்றுச்சீட்டின் படியை எனக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். பெயர், தொகை, நிறம் எல்லாம் இருந்தன. வழங்கும் நாள் என்ற இடத்தில் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்றிருந்தது.