நான்காவது மலையும் ஒரு நினைவுச் சின்னமும்

செஞ்சிக்கு வருகிறவர்கள் மூன்று மலைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம். 2025 ஜூலையில் ‘மராத்தா ராணுவ நிலப்பரப்புகள்’ என்று 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி மட்டுமே. ஆனால் வரலாற்று நூல்கள் இங்கே நான்காவதாக ஒரு சிறு மலையையும் குறிப்பிடுகின்றன. அதன் பெயர் சக்கிலிதுர்க்கம். தேசிங்குராஜனுக்குக் கதைப்பாடல் இருக்கிறது, அவன் குதிரைக்கும் பெயர் இருக்கிறது. சேணம் தைத்தவருக்குப் பெயர் இல்லை.

இந்த மறதி பழங்கதை அல்ல. 1978 ஜூலையில், இதே மாவட்டத்தின் தலைநகரான விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். ஆய்வுக்காக இந்த மாவட்டத்தில் அலைந்த ஆண்டுகளில், எந்தச் சுற்றுலாப் பலகையிலும் அந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றி ஒரு வரியைக்கூட நான் பார்த்ததில்லை. உலகப் பாரம்பரிய ஊரான செஞ்சியில், அவர்களுக்கும் சாதியால் கொல்லப்பட்ட மற்றவர்களுக்கும் ஒரு திறந்தவெளி நினைவுச் சின்னம் வேண்டும். அதை இரும்பாலும் கண்ணாடியாலும் மக்களே கூடிச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் இரும்பு, ஏன் கண்ணாடி? தமிழ்நாட்டில் அண்ணலின் சிலையை நாம் பெரும்பாலும் கம்பிகளுக்கு இடையில்தான் பார்த்து வளர்ந்திருக்கிறோம். உடைக்கிறவனை அடைக்க முடியாத அரசு, உடைக்கப்படுகிறவரைக் கூண்டில் வைத்தது. கண்ணாடியோ, டீக்கடையிலேயே நமக்குப் பாடம் சொன்னது. ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், தனக்கு வெளியே மாட்டியிருந்த அலுமினியக் குவளை என்று எங்கள் ஆயா சொல்லியிருக்கிறார். குடித்துவிட்டுக் கழுவி, அதே ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். இந்த இரண்டு பொருளிலும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இவற்றையே எடுக்க வேண்டும் என்கிறேன்.

2019 ஆகஸ்ட் 25 அன்று வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலை உடைக்கப்பட்டது. மறுநாளே அரசு புதுச்சிலை வைத்தது. பதற்றம் தணிந்தது, சரி. ஆனால் உடைத்தவர்களின் ஊர் தன்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள அந்த ஓர் இரவு போதுமா? ஒரே நாளில் வந்து நிற்கும் சிலைக்கு யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

கண்ணாடியை உருக்கி ஒட்டும் வேலையில் அந்த அவசரம் செல்லாது. துண்டுகளை அடுக்கி, மின் உலையில் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அவை ஒரே பலகையாகும். அதோடு முடிவதில்லை. 500 டிகிரியை ஒட்டி நிறுத்திவைத்து, பிறகு மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் அழுத்தம் உள்ளே தங்கி, பல நாள் கழித்துக்கூட விரிசல் விடும். வெவ்வேறு வகைக் கண்ணாடி வெவ்வேறு அளவில் சுருங்கும் என்பதால், எது எதோடு சேரும் என்று முதலிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். செஞ்சி வெயிலில் இரும்பு கண்ணாடியைவிட அதிகமாக விரியும். இடைவெளி விட்டு, ரப்பர் பட்டை வைத்துத்தான் சட்டத்தில் பொருத்த முடியும்.

இத்தனை வேலைக்கும் நாட்கள் ஆகும், கைகள் வேண்டும். ஐடிஐயில் வெல்டிங் படித்த சேரித் தம்பிகள் சட்டம் அடிக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடித் துண்டுகளை அடுக்கட்டும். எந்தப் பெயர், எந்தச் சொல் பொறிக்கப்படும் என்பதில் முடிவு இழந்த குடும்பங்களுடையது. சிற்பியும் வேண்டும்தான், ஆனால் கற்றுக்கொடுப்பவராக. சிலை வடிக்கும் கைக்கும் சாதி பார்த்த நாட்டில், உளியும் உலையும் யார் கையில் இருக்கின்றன என்பதே அரசியல்.

இதைவிடக் கடினமான கேள்வி, இடம். 1968 டிசம்பர் 25 அன்று எரிக்கப்பட்ட 44 பேருக்கான நினைவிடம் வெண்மணியில் இருக்கிறது. முருகேசனுக்கும் தோழர்களுக்கும் மேலவளவில் இருக்கிறது. அங்கே போய் வணங்குகிறவர்கள் நாம்தான். கொன்றவர்களின் தெருவுக்கு அந்த நினைவு போவதில்லை.

அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் 2018இல் திறக்கப்பட்ட நினைவிடம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட 4,400க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களுக்காக அங்கே 800க்கும் அதிகமான இரும்புத் தூண்கள் இருக்கின்றன, மாவட்டத்துக்கு ஒன்றாக. கொலை நடந்த இடங்களின் மண்ணை உறவினர்களும் ஊர் மக்களும் தோண்டி எடுத்து, பெயர் எழுதிய கண்ணாடிச் சாடிகளில் நிரப்பினார்கள். ஒவ்வொரு தூணுக்கும் ஒரு நகல் வெளியே கிடத்தப்பட்டிருக்கிறது. அந்தந்த மாவட்டம் தன் நகலைக் கேட்டு எடுத்துப்போய் தன் மண்ணில் நட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எடுக்காத மாவட்டத்தின் தூண் அங்கேயே கிடந்து அதைக் காட்டிக்கொடுக்கும்.

நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டச் சட்டம் விடாது. அதைத் தாண்டி, கோட்டைக்குப் போகும் பொதுச்சாலை ஓரத்தில், பேருந்திலிருந்து இறங்குகிறவர் கண்ணில் படும் இடத்தில் இது நிற்க வேண்டும். ஊர்த்தெரு ஆட்களும் வந்து வேலையில் கைவைக்க வேண்டும். வரவில்லை என்றால், அவர்களுக்கான சட்டம் கண்ணாடி இல்லாமல் காலியாகவே நிற்கட்டும்.

பஞ்சமி நிலம் மீளவில்லை, இப்போது சிற்பம் எதற்கு என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிலத்துக்கான போராட்டத்தில் ஒரு ரூபாயைக்கூட இதற்குத் திருப்பச் சொல்லவில்லை. ஆனால் நிலம் பறிபோனதையே மறந்த ஊரிடம் நிலத்தை எப்படிக் கேட்பது?

உடைத்துவிடுவார்களே என்றும் கேட்பார்கள். உடைக்கலாம். அதற்காகக் கூண்டு வேண்டாம். உலையை ஊரிலேயே வைத்துக்கொள்வோம். செய்யத் தெரிந்த நூறு பேர் ஊரில் இருந்தால், திரும்பச் செய்ய அரசின் லாரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.