கரியும் கல்லும் நீரும்

நிலத்தின் மேலே விளைவதை உழவன் அறிவான். நிலத்தின் கீழே கிடப்பதை ஆள்வோர் மட்டுமே அறிவர் என்றாகிவிட்ட காலம் இது. கரி எங்குள்ளது, எண்ணெய் எங்குள்ளது, எரிவளி எங்குள்ளது என்னும் கணக்கெல்லாம் நடுவணரசின் ஏடுகளில் ஆங்கிலத்திலேயே உறங்குகின்றன. அந்நிலத்தின் மேல் வாழும் தமிழனுக்கோ, தன் காலடியில் உள்ள கல் எத்தகையது என்று சொல்வார் இலர். சொன்னாலும் அவனுக்கு விளங்கும் மொழியிற் சொல்வார் இலர். அந்தக் குறையில் ஒரு சிறு பகுதியையேனும் தீர்க்க எண்ணி, இத்திங்கள் ஒரு கல்லைப் பற்றி எழுதப் புகுகின்றோம். கரியோடு உடன்பிறந்த மணற்கல் அது.

சென்னைக்கு வடக்கே, எண்ணூர்க் கழி கடலோடு கலக்குமிடத்தில் முகத்துவாரக்குப்பம் என்னும் மீனவர் சிற்றூர் உள்ளது. துவாரம் என்பது வடசொல். துளை, புரை, புழை என்பன நம் சொற்கள். ஆறு கடல் புகுமிடத்தைக் கழிமுகம் என்றும் கயவாய் என்றும் புகார் என்றும் வழங்கிய மொழிக்கு அயற்சொல் ஏன் வேண்டிற்று என்பது கேட்கத்தக்க கேள்வியே. ஆயினும், இன்று அவ்வூர்ப் பெயருக்கு நேர்ந்ததினும் அவ்வூர் ஆற்றுக்கு நேர்ந்தது கொடிது. 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், 1994இல் இயங்கத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையம், அதன்பின் எழுந்த வல்லூர் நிலையம் எனக் கழியைச் சுற்றிக் கரி எரிக்கும் உலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கரி இறக்குவதையே முதல் நோக்கமாகக் கொண்டு 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது; இன்று அது காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றுள்ளது. ஒடிய நாட்டுத் தால்ச்சேர்க் கரி பாராதீப்பில் கப்பலேறி இங்கு வந்திறங்குகின்றது. எரிந்தபின் எஞ்சும் சாம்பலோ, கொசத்தலை என்று திரித்து வழங்கப்பெறும் கொற்றலையாற்றின் கழியிற் கலந்து, இறாலும் நண்டும் வாழ்ந்த சேற்றைச் சாம்பற் சேறாக்கிற்று.

அத்துணைச் சாம்பல் ஏன்? கோண்டுவானாக் கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பலாகும் பொருளே உள்ளது. கரி பிறந்த சதுப்பில் மரஞ்செடிகளோடு கலந்து படிந்த களியும் நுண்மணலும் அதில் பெரும்பங்கு. பின்னாளில் கரியின் வெடிப்புகளுக்குள் நிலத்தடி நீர் படிவித்துச் சென்ற சுண்ணக் கனிமமும் இரும்புக் கனிமமும் எஞ்சிய பங்கு. ஆகவே, முகத்துவாரக்குப்பத்தார் தம் வலையிலிருந்து உதறும் சாம்பல், ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டு ஆற்றங்கரையில் படிந்த மண்ணும் கல்லுமே என்க. அக்கல்லின் வரலாற்றை அறிந்தாலன்றிக் கரியின் வரலாறு விளங்காது. நெய்வேலியிலும் தஞ்சையிலும் நமக்கு வரும் கேடும் விளங்காது.

ஆற்றுமணல் படிந்த நாள்தொட்டு, அது புதையுண்டு இறுகிக் கல்லாகி, உள்ளுக்குள் கனிமங்கள் கரைந்தும் முளைத்தும் உருமாறும் நெடுஞ்செயல் முழுவதையும் நாம் படிவுமாற்றம் என்று குறிப்போம். கல்லாதல் அதன் ஒரு கூறே. இம்மாற்றத்தால் கல்லின் இரண்டு தன்மைகள் மாறுகின்றன. மணிகளுக்கிடையே உள்ள வெற்றிடத்தின் அளவு புரைமை. அவ்வெற்றிடங்களின் வழியே நீரோ எண்ணெயோ வளியோ ஊர்ந்து செல்ல இயலும் அளவு கசிவுமை. குடத்தின் கொள்ளளவு வேறு, அதன் வாயகலம் வேறு என்பது போன்றது இவ்வேறுபாடு. பெருங்குடமாயினும் வாயடைத்துக் கிடந்தால் நீர் எடுக்கவியலாது. நீர் மணலூடே செல்லும் அளவைக் கணக்கிடும் நெறியை, 1856இல் பிரெஞ்சு நாட்டுத் திசோன் நகரின் குடிநீர்ப் பணியிலிருந்த பொறியாளர் ஆன்றி தார்சி வகுத்தார். ஊர்மக்களின் குடிநீருக்காகப் பிறந்த அந்நெறியே இன்று உலகின் எண்ணெய்க் கிணறுகளையெல்லாம் அளக்கின்றது.

ஒரே பருமனுள்ள மணிகளாகப் படிந்த புதுமணலில் நூற்றுக்கு 40 பங்கு வெற்றிடம் இருக்கும். மேலே சுமை ஏற ஏற மணிகள் நெருங்குகின்றன. களித்துணுக்கும் காக்காப்பொன் தகடும் நசுங்கி இடுக்குகளில் பிதுங்குகின்றன. இஃது எல்லா மணற்கல்லுக்கும் பொது. கரியோடு பிறந்த மணற்கல்லுக்கு இதற்கு மேலும் ஒன்று நேர்கின்றது. சதுப்பில் அழுகும் இலைதழை, நிலத்தடி நீரைக் காடித்தன்மை உடையதாக்குகின்றது. கடலோர மணலில் தொடக்கத்திலேயே சுண்ணம் படிந்து மணிகளைப் பிணைத்து, பின்வரும் சுமையைத் தூண்போல் தாங்குவதுண்டு. காடி நீரிலோ சுண்ணம் நிலைப்பதில்லை. தாங்குவதற்குத் தூணில்லாத கூரைபோல, கரிசார் மணல் சுமைக்கு எளிதில் அமுங்கிவிடுகின்றது. பிற மணற்கற்களைக் காட்டிலும் இவை விரைந்து புரைமை இழப்பதற்குத் தலையாய கரணியம் இதுவே.

அக்காடி மற்றொரு வேலையும் செய்கின்றது. கருங்கற் பாறையில் வெண்மையாகவும் இளஞ்சிவப்பாகவும் தோன்றும் கனிமத்தை அது அரித்துக் கரைக்கின்றது. கரைந்த இடத்தில் புதுப்புரை தோன்றுகின்றது. ஆனால், கரைந்த பொருள் தொலைவிற் செல்லாமல் அருகிலேயே வெண்களியாக முளைத்து இடுக்குகளை நிரப்புகின்றது. ஒரு கையாற் கொடுத்து மறுகையாற் பறிக்கும் கொடை இது. புரைமை அளவில் இழப்புத் தோன்றாது; கசிவுமையோ வீழ்ந்துபடும். நன்னீர்ச் சதுப்பாயின் இரும்பும் கரிவளியும் கூடிய கனிமம் படியும். கடல்நீர் புகுந்த இடமாயின் இரும்பும் கந்தகமும் கூடிய பொன்னிறக் கனிமம் படியும். மேலும் ஆழத்தில் புதைந்து, வெப்பம் ஏறத்தாழ 80 பாகையைக் கடக்கும்போது, படிகக்கல் மணிகள் தம்மேல் தாமே தோல் வளர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதே வெப்பநிலையில் கரி தன்னுள்ளிருந்து கரிவளியையும் காடியையும் வெளிவிட, மூடிய புரைகளில் சில மீளவும் திறப்பதுண்டு. அதற்கும் மேலே வெப்பம் ஏறினால், மயிரிழை போன்ற களிக்கனிமம் முளைத்து, எஞ்சிய வாயில்களையும் பின்னி அடைக்கும். ஆகவே, ஒரு மணற்கல் எதையேனும் தேக்கிவைக்கும் நல்ல தேக்கமா, வெறும் அடைப்பா என்பதை அது பட்ட பாடே முடிவு செய்கின்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தாமோதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கரியோடு கிடக்கும் பராக்கர் மணற்கல், மேற்சொன்ன பாடுகளிற் பெரும்பாலானவற்றைப் பட்டு இறுகிய கல். நம் கடலூர் மணற்கல்லோ இளையது. நெய்வேலிப் பழுப்புக்கரியைத் தன்னுள் தாங்கி நிற்கும் அம்மணற்கல், ஆழப் புதையவுமில்லை, பெருவெப்பம் காணவுமில்லை. பல இடங்களில் விரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். படிவுமாற்றம் அதிற் சிறிதும் நிகழவில்லை என்பதன்று. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மாமரங்களைப் பாருங்கள். அவையும் அதே மணற்கல் தொகுதியைச் சேர்ந்தவையே. நிலத்தடி நீரிற் கரைந்து வந்த மணற்பொருள், மரத்தின் நார்நாராகப் புகுந்து, மரத்தை அகற்றித் தான் அமர்ந்துகொண்டது. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணின் சிவப்பும் இரும்பு படிந்த சிவப்பே. எனினும், தொகுதியை ஒருசேர நோக்கின், கடலூர் மணற்கல் புரை மூடாத கல். எனவே நீர் நிறைந்த கல்.

அதை நெய்வேலியின் பிறப்பே காட்டும். 1930களில் சம்புலிங்கனார் தம் நிலத்தில் பொங்கிய ஊற்றுக்கிணற்று நீரோடு கருந்துகள் வெளிவரக் கண்டு அரசுக்கு அறிவித்தார். கரியை நமக்குக் காட்டியதே நீர்தான்! 1956இல் நெய்வேலி நிறுவனம் அமைந்தது. 1961இல் கரிப்படுகை கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குள் பொறியாளர்கள் ஒன்றை உணர்ந்திருந்தனர்: கரியின் அடியில் உள்ள மணற்கல்லின் நீர், 60 முதல் 80 மீட்டர் உயரமுள்ள நீர்த்தூண் அழுத்துவது போன்ற விசையுடன் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தது. அவ்விசையைக் குறைக்காமல் மேல்மண்ணை அகழ்ந்தால் சுரங்கத்தின் தரை வெடித்து நீர் பீறிடும். ஆதலால், அந்நாள் முதல் இந்நாள் வரை இரவும் பகலும் அடிநீர் இறைக்கப்படுகின்றது. புரை திறந்த கல்லாதலால் ஓரிடத்தில் இறைத்தால் நெடுந்தொலைவு வரை நீர்மட்டம் இறங்கும். அந்த நீர் நெய்வேலிக்கு மட்டும் உரியதன்று. அதைச் சுற்றியுள்ள உழவர்களின் கிணற்றுநீரும் அதுவே.

இவ்வேறுபாட்டை அறியாமல், அல்லது அறிந்தும் மறைத்து, வடக்கே செய்ததைத் தெற்கேயும் செய்யலாம் என்று திட்டம் தீட்டுவதே நாம் கண்டிக்கும் செயல். கரிப்படுகையில் ஒட்டிக்கிடக்கும் மீத்தேன் என்னும் கொள்ளிவளியை எடுப்பதற்கு, முதலில் அப்படுகையின் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தல் வேண்டும். வங்கத்து இராணிகஞ்சுக் கரிவயலில் 2007 முதல் இவ்வளி வணிக அளவில் எடுக்கப்படுகின்றது. அங்கே கரியைச் சூழ்ந்த கல் பெரும்பாலும் இறுகிய கல்; படுகைநீரை இறைத்தால் அக்கல்லிலிருந்து வந்து சேரும் நீர் குறைவு. அதே கிரேட்டு ஈசுட்டர்ன் எனர்சி நிறுவனம் 2010இல் மன்னார்குடிக்கும் உரிமம் பெற்றது. காவிரிக் கழிநிலத்தின் இளமணலும் இளங்கல்லும் இறுகாதவை. இங்கே கரியின் நீரை இறைப்பது, ஒரு குடத்தைக் கவிழ்ப்பதன்று. ஒன்றோடொன்று துளையால் இணைந்த பல குடங்களில் ஒன்றைக் கவிழ்ப்பது. மேலேயுள்ள நன்னீரும் கீழிறங்கும். கடலோரத்தில் உவர்நீரும் உட்புகும். உழவர் எழுந்தனர், 2013இல் தமிழக அரசு அத்திட்டத்தை நிறுத்திவைத்தது. 2020இல் காவிரிப் படுகை காக்கப்பட்ட வேளாண் மண்டலம் எனச் சட்டமாயிற்று. அதன் பின்னரும் 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய கரிப்பகுதிகள் நடுவணரசின் ஏலப்பட்டியலில் இடம்பெற்றன. எதிர்ப்பு வலுத்த பின்னரே அவை நீக்கப்பட்டன.

நீர்த்தேக்கம் என்றால் அணையை மட்டுமே எண்ணுகின்றோம். காலடியில் உள்ள மணற்கல் கோடிக்கணக்கான ஆண்டுகள் புரை மூடாமல் காத்துவைத்த தேக்கம். அதைத் திறந்துவிட ஒரு தலைமுறை போதும். மீள நிரப்பப் பல தலைமுறை வேண்டும். மணலின் வாய் திறந்திருந்தால் நன்னீர் மட்டுமே புகும் என்பதும் இல்லை. முகத்துவாரக்குப்பத்திற்கு மேற்கே மீஞ்சூர்ப் பக்கத்து மணற்படுகை, சென்னையின் தாகம் தீர்க்கப் பல்லாண்டுகள் அளவின்றி இறைக்கப்பட்டது. காலியான புரைகளிற் கடல்நீர் ஏறிக்கொண்டது. பின்னர் 2010இல் அதே கரையில், காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எழுந்தது. இலவயமாகக் கிடைத்த நன்னீரைக் கெடுத்துவிட்டு, உப்புநீரை விலைகொடுத்து நன்னீராக்கிக் குடிக்கின்றோம். எண்ணூரின் கரை கற்பிக்கும் இப்பாடத்தைத் தஞ்சைக்கரை மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டுமா?

நாம் வேண்டுவன இரண்டு. ஒன்று, கரியோ வளியோ எடுக்கும் எத்திட்டத்திற்கும் முன்னர், கரியின் மேலும் கீழுமுள்ள மணற்கல்லின் புரைமையும் கசிவுமையும், அவற்றின் நீர் எவ்வளவு தொலைவு தொடர்புடையது என்பதும் அளக்கப்பட்டு, அவ்வளவை மக்கள்முன் வைத்தல் வேண்டும். மற்றொன்று, அதனை முழுமையாகத் தமிழில் வைத்தல் வேண்டும். 2006ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, மக்கள் கருத்துக் கேட்பின்போது அறிக்கையின் சுருக்கத்தை மட்டுமே வட்டார மொழியில் தரப் பணிக்கின்றது. கல்லைப் பற்றிய பகுதியோ அச்சுருக்கத்தில் ஓரிரு வரியாகச் சுருங்கிவிடும். தன் கிணற்றின் ஊழ் எழுதப்பட்ட ஏட்டைத் தான் படிக்கவியலாத உழவனிடம் கருத்துக் கேட்பது, கண்ணைக் கட்டிவிட்டு வழி கேட்பதை ஒக்கும்.

புரை, கசிவு, படிவு, காடி, களி ஆகிய யாவும் நம் பாட்டன் வாயில் வழங்கிய சொற்களே. இவற்றைக் கொண்டே ஒரு மணற்கல்லின் முழுவரலாற்றையும் சொல்லிவிடலாம் என்பதற்கு இவ்வெழுத்தே சான்று. எனவே, மொழி இல்லை என்று எவரும் ஒதுங்க வேண்டா. மனம் உண்டா என்பதே கேள்வி. தமிழ்ப் பேராசிரியர்களும் நிலவியல் அறிஞர்களும் ஒருங்கமர்ந்து நம் நிலத்தின் கீழுள்ளவற்றை நம் மக்களுக்குத் தமிழில் எழுதுக! இளைஞர்கள் அவற்றை ஊர்தோறும் கொண்டு செல்க! தன் கல்லை அறிந்த உழவனையும் தன் கழியை அறிந்த மீனவனையும் எவரும் எளிதில் ஏய்த்துவிட முடியாது.