பெட்டி மட்டும் போதுமா?

சிட்டுக்குருவி 2012ல் டில்லியின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பட்டது. மார்ச் 20 வந்தால் மரப்பெட்டி வினியோகமும் நடக்கிறது. நல்லதே. நாடு முழுவதும் குருவி அழிந்து வருவதாகச் சொல்வது சரியல்ல. பெருநகரங்களில்தான் குறைகிறது என்று 2020ல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை தெரிவித்தது. ஓட்டு வீட்டில் இருந்த இடுக்கு கான்கிரீட் சுவரில் ஏது? ஆகவே கொல்லைப்புறத்தில் பெட்டி மாட்டுவது அவசியந்தான். துவாரம் ஒன்றேகால் அங்குலம் இருந்தால் போதும். பெரிதாக்கினால் மைனா குடியேறிவிடும்! பூனைக்கு எட்டாத உயரமும் நிழலும் வேண்டும்.

ஆனால், பெரிய குருவி தானியம் தின்று பிழைத்துக் கொள்ளும். குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஆகாரம். முற்றம் முழுவதும் சிமெண்ட் பூசி, மிஞ்சிய நாலு செடிக்கும் பூச்சி மருந்தடித்துவிட்டுப் பெட்டியை மாட்டினால், தாய்க்குருவி எதைக் கொண்டுவந்து ஊட்டும்? முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. அதுவரையாவது வெள்ளையடிப்பையும் மருந்தடிப்பையும் தள்ளிப் போடலாம். பெட்டி வழங்கும் அதிகாரிகள், பூங்காக்களில் ஒரு மூலையையாவது மருந்து படாத புதராக விட்டுவைக்க உத்தரவிட வேண்டும். இதற்குத் தனி நிதி ஒன்றும் தேவையில்லை.