வாசலில் காவலாளி, உள்ளே நம் மொழி கேட்க யார்?

டாக்டரை அடிப்பவனுக்காக வாதாட நாம் இதை எழுதவில்லை. 2023 மே 10 அதிகாலை கொட்டாரக்கரை தாலுகா ஆசுபத்திரியில், போலீசார் சிகிச்சைக்குக் கொண்டுவந்த ஒருவன் இளம் பயிற்சி மருத்துவர் ஒருவரைக் குத்திக் கொன்றான். அதே மாதம் கேரள அரசு 2012ஆம் ஆண்டுச் சட்டத்தை அவசரச் சட்டம் கொண்டு கடுமையாக்கியது. மருத்துவ ஊழியருக்குக் கொடுங்காயம் விளைவித்தால் 1 முதல் 7 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வரவேற்கிறோம். இரவு வார்டில் தனியாக நிற்கும் நர்சும் நம்மைப் போல் ஒரு கூலிக்காரர் வீட்டுப் பெண்தான். குடித்துவிட்டு அவரிடம் கை ஓங்குகிறவன் தமிழனாக இருந்தாலும் சங்கம் அவனுக்காக ஸ்டேஷன் படி ஏறாது.

ஆனால், தோழர்களே, சட்டம் இருந்தும் கத்தி நிற்கவில்லையே! 2024 நவம்பர் 13 சென்னை கிண்டி அரசு ஆசுபத்திரியில் புற்றுநோய்த் தாயின் மகன் டாக்டரைக் குத்தினான். 2025 அக்டோபர் 8 தாமரச்சேரியில் மகளைப் பறிகொடுத்த தகப்பன் ஒரு டாக்டரை வெட்டினான். இரு மாநிலத்திலும் சட்டம் முன்பே இருந்தது. இரண்டு பேரும் சொன்ன குறை ஒன்றுதான்: எங்கள் ஆளைச் சரியாகப் பார்க்கவில்லை. அது உண்மையா பொய்யா என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். அந்த எண்ணம் ஒருவன் மனத்தில் கத்தியாகும் முன்னே, உட்காரவைத்து விளக்கிச் சொல்ல அங்கே ஓர் ஆளுக்குச் சம்பளம் உண்டா என்பதே நம் கேள்வி.

ரத்தம் சிந்திய பிறகு ஆட்சியாளர்கள் அறிவிப்பது எப்போதும் காவலாளி, காமிரா, சோதனைக் கருவி. கொல்கத்தா ஆர்.ஜி.கர் கொடுமைக்குப் பின் 2024 ஆகஸ்டில் மத்திய அரசு, தன் ஆசுபத்திரிகளில் காவலரை 25 சதவீதம் கூட்டச் சொன்னது. பூப்பாறையில் அடிபட்டவனைப் போடிமெட்டு வழியே தேனிக்கு இறக்குகிற நமக்கு அதனால் என்ன லாபம்? இங்கே பல இடங்களில் காவலாளியின் தினக்கூலி, ஆசுபத்திரி வளர்ச்சிக் குழுவின் கையிருப்பிலிருந்து வருகிறது. நோயாளி வாங்கும் சீட்டுக் காசும் அதில் சேர்ந்ததுதான். ஊழியரின் உயிரைக் காப்பது அரசின் கடமை என்றால் அந்தக் கூலி கஜானாவிலிருந்து வரட்டும்.

காவல் வந்தபின் நடப்பதையும் சொல்ல வேண்டும். கூட ஒருவர்தான் உள்ளே போகலாம் என்பார்கள். அந்த ஒருவர் யார்? கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏலக்காய்க் காட்டுக்கு வந்தவனின் மனைவி. அவருக்கு மலையாளம் தெரியாது. தெரிந்த மைத்துனன் கேட்டுக்கு வெளியே. உள்ளே டாக்டர் என்ன மருந்து, எத்தனை வேளை என்று சொல்கிறார், அம்மா தலையாட்டுகிறார். இப்படி எத்தனை முறை சங்கத்துக்கு வந்து அழுதிருக்கிறார்கள்! அழுக்கு லுங்கியையும் தமிழையும் பார்த்தே சந்தேகப்படும் கேட்டு யாருடைய பாதுகாப்புக்கு?

கத்தியில்லாத கொலையும் உண்டு. 2017 ஆகஸ்டில் கொல்லத்தருகே விபத்தில் சிக்கிய திருநெல்வேலித் தொழிலாளி ஒருவரை ஆம்புலன்ஸ் சுமார் 7 மணி நேரம் ஆசுபத்திரி ஆசுபத்திரியாகச் சுமந்தது. வெண்டிலேட்டர் இல்லை என்றார்கள், கூட ஆளில்லை என்றார்கள். வண்டியிலேயே உயிர் போனது. முதல்வர் பினராயி விஜயன் சட்டசபையில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பை மதிக்கிறோம். ஆனால் கூட ஆளில்லாதவனுக்கு ஆளாக நிற்கும் ஊழியர் ஒருவர் ஒவ்வோர் அவசரப் பிரிவிலும் இரவு பகலாக இருக்க வேண்டும். அதற்குப் பெயரும் பாதுகாப்புச் செலவுதான்.

ஆகவே பணம் ஒதுக்கும்போது இரவில் இரண்டாவது டாக்டரையும், தமிழும் மலையாளமும் பேசும் உதவியாளரையும் காவலாளியோடு சேர்த்தே கணக்கில் எழுதுங்கள் என்று கேட்கிறோம். பிச்சையல்ல இது. 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் சிறுபான்மைத் தமிழர் அரசுக்குத் தமிழில் எழுத உரிமை தந்திருக்கிறது. எழுத உரிமையுள்ள மொழியில் நோயைச் சொல்ல உரிமை இல்லையா?

யாரிடம் கேட்பது? ஆரம்ப சுகாதார நிலையம் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு, சமூக சுகாதார நிலையம் பிளாக்கின் பொறுப்பு, மாவட்ட ஆசுபத்திரி மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பு. திருவனந்தபுரம் வரை போக வேண்டியதில்லை. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் சித்தூரிலும் ஓட்டுள்ளவர்கள் அடுத்த கிராம சபைக்கு ஒருநாள் கூலி போனாலும் போங்கள். ஓட்டில்லாமல் அன்றாடம் மெட்டு ஏறி வருகிறவர்களுக்காகவும் பேசுங்கள். மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். எழுத முடியாதவருக்குச் சங்க அலுவலகத்தில் எழுதித் தருவோம். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.