முகப்பு புதிது, வண்டி எங்கே?

மதுரையிலிருந்து இராமேசுவரம் வரை 161 கிலோமீட்டர் நீளும் இருப்புப்பாதையிலே, பழைய ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை மத்திய அரசினர் மேற்கொண்டுள்ளனர். மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் ஆகிய மூன்று நிலையங்களும் ‘அம்ருத் பாரத்’ என்று பெயர் சூட்டப்பட்ட திட்டத்தின் பட்டியலில் உள்ளன. இராமேசுவரத்துக்குத் தனித் திட்டம். மதிப்பு ஏறத்தாழ 90 கோடி ரூபாய். 2022 மே 26-ஆம் நாள் சென்னையிலே, எழும்பூர், மதுரை, காட்பாடி, கன்னியாகுமரி ஆகியவற்றோடு சேர்த்து அதற்கும் பிரதமர் அடிக்கல் நாட்டினார்.

வரவேற்கிறோம்! ஒளிவு மறைவின்றி, மனமார வரவேற்கிறோம். ‘தண்ணியில்லாக் காடு’ என்று சொல்லி, தண்டனை பெற்ற உத்தியோகஸ்தர்களை அனுப்பி வைக்கும் இடமாகவே நெடுங்காலம் கருதப்பட்ட மாவட்டம் இது. இங்கே ஒரு நிலையத்துக்குக் கூரை வருகிறது, குடிதண்ணீர்க் குழாய் வருகிறது, கிழவர்கள் மேடை மாறுவதற்கு மின்தூக்கி வருகிறது என்றால், வேண்டாம் என்று சொல்ல நமக்குப் பைத்தியமா? கட்சி வேறுபாடு கருதி நல்லதைப் பழிப்பது நமது வழக்கமன்று.

ஆனால் ஒன்று கேட்கிறோம். நிலையம் எதற்கு? வண்டி ஏறுவதற்கு! அந்த வண்டி எங்கே? ஏறப்போகிற ஏழைக்கு அதிலே இடம் எங்கே? இதைக் கேட்டால் ஆளவந்தார்க்குக் கோபம் வருகிறது. கும்பி கூழுக்கு அழுததாம், கொண்டை பூவுக்கு அழுததாம் என்ற பழமொழி நம் தாய்மார்கள் அறிந்தது. டில்லியிலே இருப்பவர்களுக்கு அதை எடுத்துச் சொல்லும் கடமை நமக்கு வந்திருக்கிறது.

இந்தப் பாதையின் கதை

இந்தப் பாதை நம்மவர் நலத்தை எண்ணிப் போட்ட பாதை அல்ல. இலங்கை வியாபாரத்தை எண்ணி வெள்ளையன் போட்டது. 1914 பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னையில் புறப்பட்ட ‘போட் மெயில்’ தனுஷ்கோடியில் நின்றது. கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு வண்டி காத்திருந்தது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஏழை மக்கள் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்து அக்கரை சென்றனர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. அதன்படி திரும்பியவர்களும் இந்தக் கரையிலேதான் வந்து இறங்கினர். போனபோதும் மண்டபம், வந்தபோதும் மண்டபம். உழைப்பாளியின் கண்ணீர் உலராத பாதை இது.

அதே ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் வண்டி, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. நிலையம் இடிந்த சுவராக இன்றும் நிற்கிறது. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதியும் அடித்துச் செல்லப்பட்டது. அதைச் சீர்படுத்த ஆறு மாதம் ஆகும் என்றனர். இளம் பொறியாளர் ஸ்ரீதரனும் அவரோடு நின்ற தொழிலாளர்களும் 46 நாட்களில் முடித்தனர்! கடலில் விழுந்த கர்டர்களையே தேடி எடுத்து மீண்டும் தூக்கி வைத்தனர்.

அந்தப் பழைய பாலத்தின் மீது 2022 டிசம்பர் 23-ஆம் நாளோடு வண்டி ஓட்டம் நின்றது. புதிய தூக்குப் பாலம் திறக்கப்பட்ட நாள் 2025 ஏப்ரல் 6. இடையே இரண்டேகால் ஆண்டுக்கு மேல், பாம்பன் தீவுக்கு ரயில் கிடையாது. வண்டிகள் மண்டபத்திலும் இராமநாதபுரத்திலும் நின்றன; மூட்டை முடிச்சுகளோடு மக்கள் பஸ் ஏறினர். உடைந்ததைச் செப்பனிடுவதும் புதிதாகக் கட்டுவதும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம்; இடையிலே கொரோனா வந்ததையும் மறக்கவில்லை. எனினும் 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டிய பாலம் 2025 ஏப்ரலில் வருவது வேகத்துக்கு எடுத்துக்காட்டு ஆகாது.

அதே 2019 மார்ச்சில் இன்னொரு கல்லும் நட்டனர்: இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 17 கிலோமீட்டர் பாதை, 208 கோடி ரூபாய் என்று. அந்த மணல் திட்டிலே கடல் என்ன செய்யும் என்பதை 1964 காட்டிவிட்டதே என்று மக்கள் கேட்டனர். கல் இருக்கிறது, பாதை வரவில்லை. கல் நடுவது எளிது, தோழர்களே!

கணக்கு பேசட்டும்

2023 ஆகஸ்டு 6-ஆம் நாள், நாடெங்கும் 508 நிலையங்களுக்கு ஒரே நாளில் அடிக்கல். மதிப்பு 24,470 கோடி ரூபாய். அதாவது நிலையம் ஒன்றுக்குச் சராசரி 48 கோடி. 2024 பிப்ரவரி 26-ஆம் நாள், தேர்தல் நெருங்கிய வேளையிலே, மேலும் ஐந்நூறுக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு விழா. 2025 மே 22-ஆம் நாள், வேலை முடிந்தவை என்று 103 நிலையங்களைத் திறந்தனர், தமிழ்நாட்டில் ஒன்பது. செலவு 1,100 கோடி. சராசரி போட்டால் ஒன்றுக்கு 11 கோடிகூட இல்லை.

இதற்கு என்ன பொருள்? சிறு வேலைகள் விரைவில் முடிந்தன; பெரு வேலைகள் இழுபறியில் நின்றன. நமக்கு இதிலே ஒரு பாடம் உண்டு. கூரை, கழிப்பறை, குடிதண்ணீர், மேடையை உயர்த்துதல், நடைமேம்பாலம் ஆகிய இந்த ஐந்தையும் சிறு தொகையில், குறுகிய காலத்தில் செய்து முடிக்கலாம். மாளிகை முகப்புக்கும் அலங்கார வளைவுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. அப்படியானால், பட்டியலிலே இடம் பெறாத சத்திரக்குடியும் வாலாந்தரவையும் உச்சிப்புளியும் என்ன பாவம் செய்தன? திருப்புவனமும் திருப்பாச்சேத்தியும் எந்த வகையில் தாழ்ந்தன? இராமேசுவரத்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே, இந்தச் சிற்றூர் நிலையங்களில் வெயிலில் நிற்கும் பெண்களுக்கு நிழலும் கழிப்பறையும் கிடைத்துவிடுமே!

முன்பெல்லாம் ரயில்வேக்கென்று தனி பட்ஜெட் இருந்தது. 1924-இல் தொடங்கிய அந்த வழக்கம் 2017-இல் ஒழிக்கப்பட்டது. தனி பட்ஜெட் இருந்த காலத்தில் எந்தப் பாதைக்கு எவ்வளவு என்று நாடே கேட்டது. எங்கள் ஊருக்கு என்ன என்று உறுப்பினர் எழுந்து கேட்டார். இப்போது எல்லாம் பொது பட்ஜெட் என்ற பெருங்கடலில் கரைந்துவிட்டன. உச்சிப்புளியின் பெயர் அங்கே யார் காதில் விழும்?

கடலாடிக்கு எது நிலையம்?

கடலாடியிலே ரயில் நிலையம் கிடையாது. முதுகுளத்தூரில் கிடையாது, கமுதியில் கிடையாது, சாயல்குடியில் கிடையாது. மாவட்டத்தின் தென்பாதி முழுவதும் தண்டவாளமே இல்லை. பனையேறியும் கரிமூட்டம் போடுபவனும், மிளகாய் விவசாயியும், மீனவனும் வாழும் பூமி அது. இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்த மிளகாய் மூட்டை ரயில் ஏறுவதற்குப் பாதை கொடுக்கவில்லை. கமுதியிலே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் எழுந்தது. நம் ஊர் வெயிலைக் கம்பி வழியே வெளியூருக்கு அனுப்ப முடிந்தது. நம் ஊர் மனிதனை அனுப்ப இருப்புப்பாதை போட முடியவில்லை! பின்தங்கியது என்று 2018-இல் நிதி ஆயோக் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் இராமநாதபுரமும் ஒன்று. பின்தங்கியது என்று எழுதிவைத்தவர்களே அதை முன்னுக்குக் கொண்டுவரும் பாதையையும் போட வேண்டாமா?

காரைக்குடியிலிருந்து இராமநாதபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குக் கடற்கரையோரப் பாதை வேண்டும் என்பது பழைய கோரிக்கை. அளந்தார்கள், கோப்பு சேர்ந்தது, பாதை வரவில்லை. நிலம் எடுத்துத் தருவது மாநிலத்தின் பொறுப்பு என்கின்றனர். பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முழுப் பணத்தையும் ஒதுக்கி, வேலையைத் தொடங்கு என்று டில்லி ஆணையிட்ட பிறகல்லவா நிலத்தைப் பற்றிய பேச்சு?

பாதை வரும் வரையில் கடலாடிக்காரனுக்கு நிலையம் எது? பரமக்குடியும் இராமநாதபுரமும்தான். சென்னைக்கு வேலை தேடிப் போகிறவனும், வளைகுடா நாட்டுக்கு விமானம் பிடிக்கப் போகிறவனும் பஸ்ஸிலே வந்து அங்கேதான் வண்டி ஏறுகிறான். இரவிலே திரும்பி வந்து இறங்கினால் அடுத்த பஸ் விடியற்காலையில். அதுவரை அவன் தங்குமிடம் எது? குளிர்பதன ஓய்வறை இருக்கலாம், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுப்பவருக்கு. கூலிக்காரனுக்கு வேண்டியது காசில்லாத கூடமும், காவலும், பெண்களுக்குத் தனியறையும், வண்டி நேரத்துக்கு ஒத்த பஸ்ஸும். வரைபடம் தயாரித்தவர்கள் கடலாடி பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

வண்டியும் ஆளும்

மானாமதுரையிலிருந்து இராமேசுவரம் வரை இருப்பது ஒற்றைப் பாதை. புதிய பாம்பன் பாலத்தின் தூண்களை இரட்டைப் பாதைக்கு ஏற்றவாறு கட்டியிருக்கிறார்கள். போட்டிருப்பதோ ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்காகக் காத்துக் கிடப்பதே ஒற்றைப் பாதையின் விதி. பாதையை இரட்டிப்பாக்காமல் நிலையத்தை மட்டும் பெரிதாக்கினால், வசதியாகக் காத்திருக்கலாம், அவ்வளவுதான்!

இப்பாதையில் உழைப்பாளி நம்பியிருப்பது சிற்றூர்களில் நிற்கும் பாசஞ்சர் வண்டியை. கொரோனாவைக் காரணம் காட்டி, அதற்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி, குறைந்த கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆக்கினர். மக்கள் கூக்குரலிட்ட பிறகு 2024 பிப்ரவரியில்தான் மீண்டும் 10 ரூபாய் ஆயிற்று. அறுபது வயது ஆண்களுக்கு 40 சதவீதமும், ஐம்பத்தெட்டு வயதுப் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. நோய் போயிற்று, சலுகை திரும்பவில்லை. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் ஒழிந்தது. பொதுப்பெட்டியின் வாசற்படியில் தொங்கும் மனிதனுக்கு அதனால் என்ன மாறிற்று?

நிலையத்தை நடத்துவது சுவர் அல்ல, ஆள். ரயில்வேயில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்கள் காலியாக இருந்ததை 2023-இல் அரசே ஒப்புக்கொண்டது. சீட்டுக் கொடுக்க ஆள் குறைவு. பாதை பார்க்க ஆள் குறைவு. துப்புரவு வேலை கண்டிராக்டர் கையில். மின்தூக்கி பழுதானால் பார்ப்பவர் யார்? புதிய கழிப்பறையைப் பூட்டாமல் வைத்திருப்பவர் யார்? 1928-இல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் ஆட்குறைப்பை எதிர்த்துப் போராடினர். அதற்காகச் சிங்காரவேலர் சிறை சென்றார். 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் பொன்மலையில் ஐந்து தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். அவர்கள் காத்த வேலைகளை, இன்று சத்தமின்றிக் காலியிடமாக்கி ஒழிக்கின்றனர்.

நிலையம் யாருடையது?

ரயில் நிலையம் வெறும் கல்லும் காரையும் என்று எண்ணுவோர் நம் நாட்டு வரலாறு அறியாதவர். ரயில்வே உணவு விடுதிகளில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்றிருந்த தடுப்பு 1941-இல் பெரியாரின் கிளர்ச்சியால் தகர்ந்தது. 1952 ஆகஸ்டில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்துக்கள் தாரால் அழிக்கப்பட்டன. 1953 ஜூலை 15-ஆம் நாள், டால்மியாபுரம் என்ற பெயரை நீக்கிக் கல்லக்குடி என்று வைக்கக் கோரி, கலைஞர் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார். சமமாக உட்கார்ந்து உண்ணும் உரிமையும், நம் ஊர் நம் பெயரால் வழங்கும் உரிமையும் ரயில் நிலையத்திலே போராடிப் பெற்றவை. அந்த நிலையம் இன்று பணம் உள்ளவன் உட்காரும் அங்காடியாக மாறுமானால், 1941-இல் அகற்றிய தடுப்பு வேறு வடிவத்தில் திரும்பி வந்ததாகவே பொருள்.

நாம் கேட்பது

ஒன்று: பட்டியலில் இல்லாத சிறு நிலையங்களுக்கும் கூரை, கழிப்பறை, குடிதண்ணீர், விளக்கு.

இரண்டு: பரமக்குடியிலும் இராமநாதபுரத்திலும் கட்டணமில்லாத இரவுத் தங்கும் கூடம், வண்டி நேரத்துக்கு ஏற்பக் கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர் பஸ்கள். பஸ் விடும் வேலை மாநிலத்தினுடையது. அதை மாநிலத்திடமே கேட்போம்.

மூன்று: மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கூடுதல் பாசஞ்சர் வண்டிகள், நெடுந்தூர வண்டிகளில் கூடுதல் பொதுப்பெட்டிகள், முதியோர் சலுகை.

நான்கு: ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ என்ற கடைகள் பனைத் தொழிலாளர், மீனவப் பெண்கள் கூட்டுறவுகளுக்கே. தரகனுக்கு வேண்டாம்.

ஐந்து: இரட்டைப் பாதை, கடற்கரைப் பாதைக்கு முழு ஒதுக்கீடு, காலியிடங்களில் நிரந்தர நியமனம்.

தோழர்கள் மேடையிலே முழங்குவதோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு கிளையும் தன் பக்கத்து நிலையத்துக்கு ஒருநாள் செல்லட்டும். குழாயில் தண்ணீர் வருகிறதா, கழிப்பறை திறந்திருக்கிறதா, எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இடமின்றி நிற்கிறார்கள் என்று எண்ணி எழுதட்டும். பயணிகளின் கையொப்பத்தோடு அதை மதுரைக் கோட்ட மேலாளரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் சேர்க்கட்டும். வாயால் சொன்னதை மறுக்கலாம். எண்ணி எழுதியதை மறுப்பது கடினம். அடுத்த திறப்பு விழாவுக்கு யார் வந்தாலும், அந்தக் கணக்கை முன்வைத்துப் பதில் கேட்போம்.